ஞாயிற்றுக்கிழமை ஜேசிபி வேண்டாம், பிள்ளைகளே

 

பள்ளிக்கூடத்துக்குத் தெற்கே இருக்கிற உடங்காட்டை வருகிற ஞாயிற்றுக்கிழமை ஜேசிபி வைத்துச் சுத்தம் செய்து ஆயிரம் மரக்கன்று நடப்போவதாக நம் 1994 செட்டின் வாட்ஸ்அப் குழுவில் பார்த்தேன். என் பெயரில் பலகை வைக்கவும் முடிவாகியிருக்கிறது. உங்கள் அன்புக்கு நன்றி. ஆனால் பலகையும் வேண்டாம், ஜேசிபியும் வேண்டாம். "சாருக்கு வயசாயிடுச்சு, மரம் நடுறதையே வேண்டாங்கிறார்" என்று முடிவு கட்டுவதற்கு முன் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

தப்பு என் மேலும் இருக்கிறது. காடுகளின் வகைகளை உங்களுக்கு நடத்தியவன் நான்தான். ஊசியிலைக் காடு, இலையுதிர் காடு, மழைக்காடு, சதுப்புநிலக் காடு, முட்புதர்க் காடு என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யவைத்தேன். கடைசி வகைக்கு ஐந்து நிமிஷம்கூட ஒதுக்கவில்லை. வகுப்பு ஜன்னல் வழியே தெரிந்தது அந்தக் காடுதான் என்று ஒருநாளும் கை நீட்டிக் காட்டவில்லை. இன்று அந்தப் பாடத்தைத் திரும்ப நடத்துகிறேன்.

ஒவ்வொரு வகைக் காடும் அந்தந்த இடத்தின் கஷ்டத்தைச் சமாளிக்க மரங்கள் கண்ட வழி. ரஷ்யாவிலும் கனடாவிலும் பனி கொட்டுகிறது. அங்கே மரங்கள் கோபுரம்போல் கூம்பாக நிற்கின்றன, பனி சறுக்கி விழுந்துவிடும். ஐரோப்பாவின் ஓக், பீச் மரங்கள், தண்ணீர் உறைந்துபோகும் குளிர்காலம் வருமுன்பே இலையை உதிர்த்துவிட்டு உறங்குகின்றன. பிச்சாவரத்துக்குச் சுற்றுலா கூட்டிப்போனேனே, சேற்றுக்கு மேலே குச்சி குச்சியாக வேர்கள் நீட்டிக்கொண்டிருந்தது நினைவிருக்கிறதா? அந்தச் சேற்றில் காற்று கிடையாது. அதனால் வேர் மேலே வந்து மூச்சு விடுகிறது.

நம்மூர்க் கஷ்டம் என்ன? ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதுதான் மழை. மற்ற மாதமெல்லாம் வெயில். அதைத் தாங்கத்தான் உடைமரம் இலையைப் பொடிப்பொடியாக வைத்துக்கொண்டு, ஆடுமாடு மேயாமலிருக்க நீள நீளமாக வெள்ளை முள்ளை வளர்த்திருக்கிறது. பிரேசிலின் வடகிழக்கிலும் இதுபோல ஒரு முட்காடு இருக்கிறது, பெயர் காட்டிங்கா. அந்த மண்ணின் துப்பி மொழியில் 'வெள்ளைக் காடு' என்று அர்த்தம். கோடையில் இலையெல்லாம் உதிர்ந்து வெளிறிய கிளைகள் மட்டும் நிற்பதால் அந்தப் பெயர். செத்துப்போன காடு என்றுதான் புதிதாகப் பார்ப்பவர் நினைப்பார். மழை விழுந்ததும் பச்சையாகிவிடும்.

நம் உடங்காட்டையும் அப்படித்தான் 'பொட்டல்' என்கிறோம். ஆனால் அங்கே உடையும் வெள்வேலும் மட்டுமா நிற்கின்றன? ஆவாரை, இலந்தை, சூரை, கள்ளி எல்லாம் இருக்கின்றன. கௌதாரியும் ஆட்காட்டியும் முயலும் கீரியும் உடும்பும் இருக்கின்றன. கோடையில் புல் கருகிய பிறகு ஆட்டுக்காரர்கள் தொரட்டியால் உலுக்கிவிடும் உடை நெற்றுதான் ஆடுகளுக்குத் தீனி. வல்லநாட்டில் வெளிமானுக்கென்றே ஒரு சரணாலயம் இருக்கிறது. அங்கே இருப்பதும் இந்த மாதிரி முட்காடுதான். திறந்த வெளியில் ஓடிப் பிழைக்கிற மானுக்கு அடர்ந்த தோப்பு எதற்கு?

காலி இடம் என்று நினைத்து மரம் நட்டுக் கெடுத்த கதை நீலகிரியில் இருக்கிறது. அங்கே மலைமடிப்புகளில் சோலைக்காடு, மேடெல்லாம் புல்வெளி. அந்தப் புல்வெளி வீணாகக் கிடக்கிறதென்று 19ஆம் நூற்றாண்டில் ஆரம்பித்து ஆஸ்திரேலியாவின் தைலமரத்தையும் சீகை மரத்தையும் நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் நட்டோம். பார்க்கப் பச்சைப்பசேல் என்று இருக்கும். ஆனால் நம் மாநில விலங்கான வரையாடு மேய்வதும் குறிஞ்சி பூப்பதும் புல்வெளியில். மழையைப் பிடித்து ஓடைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதும் அந்தப் புல்வெளிதான். இப்போது அந்த அந்நிய மரங்களை அகற்றப் பாடுபட்டுக்கொண்டிருக்கிறோம்.

நீலகிரிக்காரர்களை மட்டும் குறை சொல்லமாட்டேன். சர்வீஸில் இருந்தபோது நானும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், இதே உடங்காட்டின் கிழக்கு மூலையில் முள்ளை வெட்டிக் கன்று நட்டேன். போட்டோ எடுத்தோம், லட்டு கொடுத்தோம். சித்திரையில் போய்ப் பார்த்தபோது உயிரோடு இருந்தவை ஒரு கை விரலுக்குள் அடங்கிவிட்டன. அடுத்த மழைக்கு அந்த வெற்றிடத்தில் சீமைக்கருவேலம் புகுந்துவிட்டது. இன்றுவரை அந்த மூலையில் கௌதாரிச் சத்தம் கேட்டதில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடம் சொல்லிவிட்டேன்.

நம் தமிழில் தோப்பு வேறு, காடு வேறு. நட்டு வளர்த்தால் தோப்பு. தானாக முளைத்து, தானாக நின்று, நாலு உயிருக்கு வீடானால் காடு. தோப்பு வைப்பது நல்ல காரியம்தான். ஆனால் காட்டை அழித்து அந்த இடத்தில் தோப்பு வைக்காதீர்கள்.

மரம் நட ஆசையா? கண்மாய்க்கரை மொட்டையாகக் கிடக்கிறது. பஸ் ஸ்டாப்பில் நிழல் இல்லை. பள்ளிக்கூட வளாகத்தில் இடம் இருக்கிறது. வேம்பும் புங்கனும் நடுங்கள். ஆயிரம் வேண்டாம், ஐம்பது போதும். ஒவ்வொன்றுக்கும் மூன்று கோடைக்குத் தண்ணீர் ஊற்ற ஓர் ஆள் பெயர் எழுதிக் கொடுங்கள். முதல் பெயர் என்னுடையது.

உடங்காட்டுக்கு உதவ வேண்டுமென்றால் சீமைக்கருவேலத்தை மட்டும் வேரோடு எடுங்கள். ஜேசிபிக்கு உடையும் சீமைக்கருவேலமும் ஒன்றுதான். அதனால் ஆள் வைத்துத்தான் எடுக்க வேண்டும். குடைபோல் விரிந்து, வெள்ளை முள்ளும் சுருண்ட நெற்றும் இருந்தால் அது உடை. அதைத் தொடாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஜேசிபி இல்லாமல் வாருங்கள். பேரப்பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். நான் உடங்காட்டு வாசலில் நிற்பேன். ஒரு மணி நேரம் நடப்போம். அதற்குப் பிறகும் அந்த இடம் பொட்டல் என்று உங்களுக்குத் தோன்றினால், நான் வழிவிட்டுவிடுகிறேன்.

மாப்பிள்ளைகள் யாராவது ஒரு ஃபிளாஸ்க்கில் காபி கொண்டு வந்தால் நன்றாக இருக்கும். சர்க்கரை வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் சார்