சாளக்கிராமமும் பிரளய ஜலமும்

சாளக்கிராமம் வைத்து ஆராதிக்கும் இல்லங்களில், திருமஞ்சனம் முடிந்து ஈரத்தை ஒற்றியெடுக்கும்போது, அந்தக் கருங்கல்லின் துவாரத்தினுள்ளே வரிவரியாகச் சுருண்டிருக்கும் சக்கரம் கண்ணுக்குத் தெரியும். வஜ்ரகீடம் என்னும் புழு குடைந்து அமைத்த சக்கரம் அது என்று நம் பெரியோர் சொல்லிவந்தனர். நேபாளத்தில் முக்திநாத்துக்கு அருகே கண்டகி நதிப்படுகையில் கிடைக்கும் அக்கல்லை ஆராய்ந்த நிலவியல் அறிஞர்கள், அம்மோனைட் என்னும் கடல்வாழ் பிராணியின் சுருள் ஓடு பதிந்த அச்சு அது என்கிறார்கள். கணவாய்க்குத் தூரத்து உறவான அப்பிராணி ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. இன்று அந்த இனமே உலகில் இல்லை.

இதைக் கேட்டதும் அன்பர்கள் சிலருக்கு உற்சாகம் பிறக்கிறது. கடற்பிராணி இமயமலைக்கு எப்படி வந்தது? பிரளய வெள்ளம் இமயத்தையே மூடியது. மத்ஸ்யாவதாரம் நிகழ்ந்ததற்கு விஞ்ஞானமே சாட்சி சொல்லிவிட்டது என்கிறார்கள். உபந்யாச மேடைகளில் இதைக் கேட்டிருக்கிறோம். இப்போது வாட்ஸ்அப்பிலும் நாள்தோறும் வருகிறது.

பள்ளியில் பூகோளம் படிக்கும் பேரனிடம் இந்த வாதம் செல்லாது. வாதம் மட்டும் தோற்றுப்போனால் கவலையில்லை. அதைச் சொன்ன தாத்தாவையும், தாத்தா படிக்கும் பாகவதத்தையும் சேர்த்தே அவன் ஒதுக்கிவிடுகிறான். ஆகவே, உலகு முழுவதையும் மூடிய வெள்ளம் சாத்தியமா என்று கூச்சமின்றி விசாரித்துப் பார்ப்பது நமக்கு நல்லது.

முதலில் மலையை எடுத்துக்கொள்வோம். கடல் ஏறி மலையை மூடவில்லை; கடலின் அடித்தரைதான் மலையாக ஏறியது. இந்திய நிலத்தட்டு வடக்கே நகர்ந்து, ஏறக்குறைய 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவோடு மோதியது. நடுவிலிருந்த டெதிஸ் என்னும் கடலின் தரை நசுங்கி, மடிந்து, மேலெழுந்தது. எவரெஸ்ட் சிகரத்தின் உச்சிப்பாறையே கடலில் படிந்த சுண்ணாம்புக்கல். அதிலும் கடலுயிர்களின் எச்சங்கள் உண்டு. மோதல் இன்னும் ஓயவில்லை. இமயம் இன்றும் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் உயர்ந்துகொண்டிருக்கிறது. அம்மோனைட்டுக்காக இமயம் வரை போகவும் வேண்டியதில்லை. நம் அரியலூரின் சுண்ணாம்புச் சுரங்கங்களிலேயே அவை கிடைக்கின்றன. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது, பின்வாங்கியது, அவ்வளவுதான்.

இனி நீரின் கணக்கு. எவரெஸ்டின் உயரம் 8,849 மீட்டர். அதை மூடும் அளவுக்கு உலகெங்கும் வெள்ளம் நிற்க வேண்டுமானால், இப்போதிருக்கும் கடல்களுக்கு மேல் இன்னும் சுமார் 440 கோடி கன கிலோமீட்டர் நீர் தேவை. பூமியில் உள்ள கடல், பனி, நிலத்தடி நீர், ஏரி, ஆறு அனைத்தையும் கூட்டினாலும் ஏறத்தாழ 139 கோடிதான். அதாவது உள்ளதைப் போல் மூன்று மடங்குக்கும் மேற்பட்ட நீர் எங்கிருந்தோ வந்து, மீண்டும் எங்கேயோ போக வேண்டும். மழையாகப் பெய்திருக்கலாமே என்றால், வானத்திலுள்ள ஈரம் முழுவதும் ஒரே சமயத்தில் பொழிந்தாலும் பூமியின் மேல் இரண்டரை சென்டிமீட்டர் நீர்தான் நிற்கும். காலின் பெருவிரல்கூட முழுதாக நனையாது. துருவப் பனியெல்லாம் உருகினால் கடல் 65 முதல் 70 மீட்டர் வரை உயரும். சென்னையும் நாகையும் மூழ்கிப்போகும். மதுரையோ கடல்மட்டத்துக்கு 100 மீட்டருக்கு மேலே இருக்கிறது. மதுரையை இங்கே குறிப்பிடக் காரணம் உண்டு, பிறகு சொல்கிறேன்.

பூமிக்கு அடியில் ஒரு மகாசமுத்திரம் ஒளிந்திருப்பதாகவும் செய்தி வருகிறது. அது பாதி உண்மை. 2014ஆம் ஆண்டு, பிரேசில் நாட்டில் கிடைத்த ஒரு வைரத்தினுள் ரிங்வுடைட் என்னும் கனிமத்தின் நுண்துகள் காணப்பட்டது. 410 முதல் 660 கிலோமீட்டர் ஆழத்தில் உருவாகும் கனிமங்கள் நீரை ஏற்று வைத்திருக்க வல்லவை என்பது அதனால் உறுதியாயிற்று. ஆனால் அந்த நீர் பாறையின் அணுக்களோடு பிணைந்து கிடக்கிறது. சுட்ட செங்கல்லைப் பிழிந்தால் தீர்த்தம் வருமா? அதுபோலத்தான் இதுவும்.

இன்னொரு சாட்சி அண்டார்டிகா. அங்கே ஆண்டுக்கு ஆண்டு படிந்த பனியடுக்குகளைத் துளைத்தெடுத்து, 8 லட்சம் ஆண்டுகள் வரை பின்னோக்கிப் படித்துவிட்டார்கள். பனி நீரில் மிதக்கும் பொருள். இந்தக் காலத்துக்குள் ஒரே ஒரு முறை பெருவெள்ளம் உலகை மூடியிருந்தாலும் அந்த அடுக்குகள் பெயர்ந்து மிதந்து குலைந்திருக்கும். அவை குலையாமல் இருக்கின்றன.

ஆகவே, மனிதர் வாழ்ந்த காலத்தில் உலகம் முழுவதையும் மூடிய வெள்ளம் வரவில்லை என்பதே விஞ்ஞானத்தின் தெளிவான விடை. அப்படியானால் பாகவதம்?

மத்ஸ்ய சரித்திரம் நம்மிடம் ஒரே வடிவில் இல்லை. மிகப் பழையது சதபத பிராம்மணத்தில் வருவது. காலையில் கை அலம்பும் மனுவின் கைகளில் ஒரு மீன் வந்து சேர்கிறது. தன்னைக் காத்தால் அவரைக் காப்பதாகச் சொல்கிறது. வெள்ளம் வந்ததும் ஓடத்தை மீனின் கொம்பில் கட்ட, அது வடக்கு மலைக்கு இழுத்துச் செல்கிறது. அந்த மீன் இன்னார் என்று அங்கே சொல்லப்படவில்லை. மகாபாரதம் வனபர்வத்தில் அதுவே தன்னைப் பிரம்மா என்று அறிவிக்கிறது. ஸ்ரீமத் பாகவதம் எட்டாம் ஸ்கந்தத்தில்தான் அது சாட்சாத் ஸ்ரீமந்நாராயணனின் அவதாரமாக நம் கண்முன் நிற்கிறது. அங்கே தர்ப்பணம் செய்பவர் திராவிட தேசத்து அரசர் சத்யவிரதர், நதி கிருதமாலா. கிருதமாலாவை வைகை என்றே கொள்வது மரபு. மதுரையைப் பற்றிச் சொன்னேனே, அதன் காரணம் இதுதான். உலகத்துப் பனியெல்லாம் உருகினாலும் சத்யவிரதர் நின்ற துறைக்குக் கடல் வராது.

இந்தச் சிக்கலை முதலில் கண்டவர்கள் இக்கால விஞ்ஞானிகள் அல்லர். பாகவதத்துக்கு உரை வகுத்த ஸ்ரீதர ஸ்வாமி பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இதை எழுப்பிவிட்டார். முதல் ஸ்கந்தம் இவ்வெள்ளத்தைச் சாக்ஷுஷ மன்வந்தரத்தோடு சேர்த்துச் சொல்கிறது. ஆனால் ஒவ்வொரு மனுவின் காலம் முடியும்போதும் பிரளயம் வரும் என்ற நியதி இல்லையே, இது எப்படிப் பொருந்தும் என்று கேட்கிறார். சத்யவிரதருக்கு ஓர் அற்புதத்தைக் காட்டும்பொருட்டுப் பகவான் நிகழ்த்திய வெள்ளம் இது என்பது அவர் சமாதானம். பன்னிரண்டாம் ஸ்கந்தத்தின் மார்க்கண்டேயரை இங்கே நினைக்கலாம். அவர் பிரளயக் கடலில் நெடுங்காலம் அலைகிறார், ஆலிலைக் குழந்தையைத் தரிசிக்கிறார், பின்பு பார்த்தால் தம் ஆசிரமத்திலேயே இருக்கிறார். ஆசிரமத்து மண்ணைத் தோண்டி அந்த வெள்ளத்தின் வண்டலைத் தேட முடியுமா? ஸ்ரீதர ஸ்வாமியின் கருத்தை ஏற்காத வியாக்கியானக்காரர்களும் உண்டு. சூரிய சித்தாந்தம் ஒவ்வொரு மன்வந்தர முடிவிலும் ஜலப்பிரளயம் உண்டு என்றே கணக்கிடுகிறது. கருத்து வேறுபாட்டுக்கு நம் முன்னோர் அஞ்சவில்லை. கேள்வி கேட்டவரை நாத்திகர் என்று தள்ளவும் இல்லை.

அந்தக் கணக்கையே எடுத்துக்கொண்டாலும் என்ன தெரிகிறது? நாம் நாள்தோறும் சங்கல்பத்தில் வைவஸ்வத மன்வந்தரத்தின் இருபத்தெட்டாவது சதுர்யுகம் என்று காலத்தைக் குறிக்கிறோம். சதுர்யுகம் ஒன்றுக்கு 43,20,000 ஆண்டுகள். கூட்டிப் பார்த்தால் சாக்ஷுஷ மன்வந்தரம் முடிந்து 12 கோடி ஆண்டுகள் ஆகின்றன. நிலவியல் கணக்கின்படி அப்போது இமயமலையே எழும்பவில்லை. ஐயாயிரம், பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய வண்டலைக் காட்டி இதுவே மத்ஸ்யாவதார வெள்ளம் என்று சொல்பவர்கள் விஞ்ஞானத்தோடு மட்டுமல்ல, நம் பஞ்சாங்கத்தோடும் முரண்படுகிறார்கள்.

பிரளயம் என்றதும் நமக்கு வெள்ளம்தான் நினைவுக்கு வருகிறது. விஷ்ணு புராணம் நைமித்திக பிரளயத்தைச் சொல்லும் முறை வேறு. முதலில் நூறாண்டுகள் மழையற்ற வறட்சி. சூரிய கிரணங்கள் கடல்களைக் குடித்துவிடுகின்றன. ஏழு சூரியர்கள் தகிக்கின்றனர். காலாக்கினி மூவுலகையும் எரிக்கிறது. அதன் பின்னரே மேகங்கள் திரண்டு நூறாண்டுகளுக்கு மேல் பொழிகின்றன. பிராகிருத பிரளயத்திலோ நிலம் நீரில் ஒடுங்க, நீர் நெருப்பில் ஒடுங்கிவிடும். வெள்ளமும் அங்கே மிஞ்சுவதில்லை. சூரியன் மெல்ல மெல்ல வெப்பம் மிகுந்து வருவதாகவும், இன்னும் 100 கோடி ஆண்டுகள் அளவில் பூமியின் கடல்கள் வற்றிவிடும் என்றும் வானியலார் கூறுகின்றனர். பிரம்மாவின் ஒரு பகல் 432 கோடி ஆண்டுகள், அவர்கள் கூறும் பூமியின் வயது 454 கோடி. இவற்றைப் படிக்கும்போது மனம் சிலிர்க்கத்தான் செய்கிறது. இதையும் ஆதாரம் என்று மேடையேற்றிவிட வேண்டாம் என்பது என் விண்ணப்பம். நாளை விஞ்ஞானி தம் எண்ணைத் திருத்தினால் நாம் புராணத்தைத் திருத்துவோமா?

பிரளயம் நால்வகை என்கிறது பாகவதம். நைமித்திகம், பிராகிருதம் ஆகிய இரண்டோடு, ஞானத்தால் பந்தம் அறும் ஆத்யந்திகமும், உயிர்கள் கணந்தோறும் மாய்ந்துகொண்டிருக்கும் நித்யமும் சேர்ந்து நான்கு. நித்ய பிரளயத்துக்கு ஆராய்ச்சியாளர் வந்து சான்றளிக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 காலையில் நாகப்பட்டினம் மாவட்டக் கரையில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டுபோயிற்று. அன்று பிள்ளையை இழந்த தாயிடம், உலகம் முழுவதும் மூழ்கவில்லையே, இது எப்படிப் பிரளயமாகும் என்று எவரும் கேட்க மாட்டார்.

அந்தக் கரையும் அதன் உட்பகுதியும்தாம் பிரளயத் தலங்கள் நிறைந்த பூமி என்பதைக் கவனிக்க வேண்டும். பிரளயத்தில் பெருமான் தோணியில் எழுந்தருளியதாகச் சொல்லப்படும் சீகாழி. அமுதகலசம் மிதந்துவந்து தங்கிய கும்பகோணம். வெள்ளம் ஊருக்குப் புறம்பே நின்றுவிட்ட திருப்புறம்பியம். காவிரி கொண்டுவந்து சேர்த்த மண்ணின் மேல், ஒரு பக்கம் ஆற்று வெள்ளமும் மறு பக்கம் கடலும் சூழ வாழ்ந்த மக்கள் சொன்ன தல வரலாறுகள் இவை. நீர் எத்தனை மீட்டர் உயர்ந்தது என்று இவற்றுள் எதுவும் அளந்து சொல்லவில்லை. நீர் வந்தபோது யார் வந்து நின்றார் என்பதையே சொல்கின்றன. சத்யவிரதர் சரித்திரத்திலும் அப்படித்தான். ஏழு நாளில் வெள்ளம் வரும் என்ற எச்சரிக்கைக்கு வெகு முன்பே, உள்ளங்கை நீரில் துடித்த ஒரு சின்னஞ்சிறு மீன், பெரிய மீன்கள் தின்றுவிடும், என்னை ஆற்றில் விடாதே என்று அபயம் கேட்கிறது. அரசர் தம் கமண்டலத்தில் இடம் கொடுக்கிறார். பேரனிடம் கதையை இந்த இடத்திலிருந்து தொடங்கலாம். இமயத்தின் உயரத்தை அவன் நமக்குச் சொல்லட்டும்.

திருப்புறம்பியத்தில் அன்று வெள்ளத்தைத் தடுத்தவர் விநாயகர் என்பது ஐதிகம். பிரளயம் காத்த விநாயகர் என்றே அவருக்குத் திருநாமம். சங்கு, கிளிஞ்சல், கடல்நுரை முதலிய கடற்பொருள்களைக் கொண்டு வருணன் அமைத்த திருமேனி என்பார்கள். அவருக்கு விநாயக சதுர்த்தி இரவில் மட்டுமே அபிஷேகம், அதுவும் தேனால் மட்டுமே. இரவெல்லாம் ஊற்றும் தேனைத் திருமேனி உறிஞ்சிக்கொள்வதைக் காண அடியார்கள் விடியும்வரை காத்திருக்கிறார்கள். கும்பகோணத்துக்குச் செல்பவர்கள் அருகிலேயே உள்ள இத்தலத்தையும் சேர்த்துத் தரிசிக்கலாம்.