சீர்மை என்னும் சாட்டு

நோயுற்ற தொழிலாளி வேலைக்குச் சென்றால் உடல் கெடும். வீட்டிலிருந்தால் கூலி கெடும். இவ்விக்கட்டைத் தீர்க்கும் உரிமை எந்த அரசுக்குரியது?

அமெரிக்காவின் மில்வாக்கி நகர மக்கள் 2008இல் தாமே விடை கூறினர். 30 மணி நேர உழைப்புக்கு ஒரு மணி நேரம் சம்பளத்துடன் கூடிய சுகவீன லீவு வேண்டுமென, வாக்களித்தோருள் மூன்றில் இரண்டு பங்கினருக்கு மேற்பட்டோர் தீர்ப்பளித்தனர். முதலாளிமார் வழக்காடினர். 2011 மார்ச்சில் மேன்முறையீட்டு நீதிமன்றம் நகரத்தின் சட்டம் செல்லுமென்றது. இரண்டே மாதங்களில் விஸ்கொன்சின் மாநிலச் சட்டசபை அதனை ரத்துச் செய்தது. ஆளுநர் ஸ்கொட் வோக்கர் ஒப்பமிட்டார்.

ஊருக்கொரு சட்டம் ஆகாதாம். மாநிலமெங்கும் ஒரே சீர் வேண்டுமாம்! அங்ஙனமாயின், மில்வாக்கி பெற்றதை மாநிலம் முழுவதற்கும் வழங்கியிருக்கலாமன்றோ? பெற்றவரிடமிருந்து பறித்து, எல்லோரையும் இல்லாதவராக்குவதா சீர்மை? சமஷ்டி அரசின் 1993ஆம் ஆண்டுச் சட்டமோ, தனியார் துறையில் 50 பேருக்குக் குறையாத நிறுவனங்களிலேயே, ஆண்டுக்கு 12 வாரம் வரை லீவு தருகிறது, அதுவும் சம்பளமின்றி!

“இதற்குக் குறையாமற் கொடு” என்று மேலரசு கட்டளையிடட்டும், வரவேற்போம். “இதற்கு மேல் கொடாதே” என்று கீழரசின் கையைப் பிடிப்பது ஆட்சியன்று; முதலாளிக்குச் செய்யும் ஊழியம்.