எரித்தது எந்த விஞ்ஞானம்?

அனர்த்த காலத்திலே சுகாதாரத் திணைக்களம் எடுக்கும் முடிவுகள் நிபுணர்களின் விவகாரம். சாமானியர் அவற்றைக் கேள்வி கேட்கலாகாது என்று நமக்கு ஓயாது போதிக்கப்படுகிறது. இப்போதனையை நாம் ஏற்பதற்கில்லை. எதை முதலிற் செய்வது, எதைப் பின்னுக்குத் தள்ளுவது என்ற தீர்மானம் வெறும் வைத்தியக் கணக்கன்று. அதற்குள்ளே அரசியல் உண்டு. கொரோனாக் காலத்தில் நம் நாட்டிலே நடந்தேறிய கட்டாயத் தகனம் இதற்குத் தக்க சான்று.

தொற்றினால் இறந்தோரைப் புதைக்கலாம், எரிக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே கூறிவிட்டது. ஆயினும் அவ்வாண்டு ஏப்ரில் 11ஆந் திகதிய வர்த்தமானி தகனம் ஒன்றையே சட்டமாக்கிற்று. நிலத்தடி நீர் மாசுபடுமாம்! சான்று எங்கே? எவரும் காட்டவில்லை. பிறந்து இருபதே நாளான முஸ்லிம் குழந்தையொன்று டிசம்பரிலே பெற்றோரின் சம்மதமின்றி எரியூட்டப்பட்டது. பொரளை கனத்தை மயான வேலியிலே மக்கள் வெள்ளைத் துணி கட்டித் தம் துயரைத் தெரிவித்தனர். அமைச்சு நியமித்த நிபுணர் குழுவே அடக்கமும் செய்யலாமென்று பரிந்துரைத்த பின்னரும், முடிவு மாறாது என்று 2021 ஜனவரியிற் சுகாதார மந்திரி பாராளுமன்றத்திலே அறிவித்தார். நிபுணர் சொல்லுக்கு அடங்குக என்று நமக்கு உபதேசித்தோர் தாம் அடங்கினரா?

இறந்தோர்மீது இத்துணைக் கவனம் செலுத்தியோர் உயிரோடிருந்தோரை எவ்வாறு நடத்தினர்? 2020 ஒக்டோபரிலே மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையொன்றில் ஆயிரம் பேருக்கு மேல் நோயுற்றனர். விடுதிகளிலிருந்து தொழிலாளரை இரவோடிரவாக ஏற்றிச் செல்ல வல்ல அரசுக்கு, அவ்விடுதிகளின் நெருக்கத்தைக் குறைக்க மட்டும் வல்லமை இருக்கவில்லை. பிணத்தை எரித்தல் பேரினவாதத்துக்கு உவப்பு. தொழிலாளிக்கு நல்ல உறைவிடம் அளித்தலோ முதலாளிக்குச் செலவு. முன்னுரிமை பிறந்த கருவறை இதுவே.

2021 பெப்ரவரி இறுதியில் தடை நீங்கிற்று. அதற்குள் விஞ்ஞானம் மாறிவிட்டதா? இல்லை. ஜெனிவாவிலே மனித உரிமைப் பேரவை கூடியது. பாகிஸ்தான் பிரதமர் கொழும்புக்கு வந்து சென்றார். மாறியது இராஜதந்திரத் தேவை ஒன்றே. அதன் பின்னரும் அடக்கத்துக்கு முதலிற் காட்டப்பட்ட இடம் எது? தமிழ் மீனவர் 2018இற் போராடித் திரும்பிய இரணைதீவு! ஒடுக்கப்பட்டோரை ஒடுக்கப்பட்டோருக்கெதிரே நிறுத்தும் பழைய தந்திரமன்றோ இது? எதிர்ப்பு எழுந்த பின்னரே ஓட்டமாவடி தெரிவாயிற்று.

2024 யூலையிலே அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. மன்னிப்பினால் மட்டும் நாளைய அநீதி தடைப்படாது. அனர்த்த கால முடிவு ஒவ்வொன்றுக்கும் காரணமும், சான்றும், நிபுணரிடையே எழுந்த மாற்றுக் கருத்தும் மூன்று மொழிகளிலும் உடனுக்குடன் வெளியிடப்படல் வேண்டும். முடிவு எடுக்கும் மேசையிலே பாதிக்கப்படும் மக்களுக்கும் ஆசனம் வேண்டும். அஞ்சிய மக்கள் நோயை மறைப்பர். நம்பிய மக்களே வைத்தியசாலையை நாடுவர். ஆகவே நீதியும் சுகாதாரத்தின் ஓர் அங்கமே.

சான்று கேட்டுப் பழகுக என்று வகுப்பறையிலே மாணவருக்குச் சொல்லும் நாம், அயலவன் பிள்ளை எரிந்தபோது சான்று கேட்டோமா? இவ்வினாவுக்கு முதலில் நாம் விடை கூறுவோம்.