பாட்டியின் குடிசை எந்தக் கணக்கில்?

ஆதரவிழந்த பிள்ளைக்கு விடுதி கடைசிப் புகலாகட்டும், குடும்பமே முதற்புகலாகட்டும் என்றது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். நல்ல சட்டம்தான்! வளர்ப்புக் குடும்பத்துக்கு மாதம் 4,000 ரூபாய் என வகுத்தது மிஷன் வாத்சல்யா. தனித்து வாழ்வோரும் வளர்க்கலாம் என்று கதவைத் திறந்தது 2024ஆம் ஆண்டு நெறிமுறை.

ஆனால், ஒட்டன்சத்திரம் சந்தையிலே, கேரளத்துக்குச் செல்லும் லாரிக்காக முருங்கைக்காய்க் கட்டுக் கட்டும் மூதாட்டியை எண்ணிப் பாருங்கள். தாய் தந்தையற்ற பேரனை வளர்க்கிறாளே, அவள் குடிசை வளர்ப்பு இல்லம் அன்றோ? ஏட்டிலே அன்று! சொந்தக் குடும்பம் அல்லாத வேறு குடும்பம்தான் அங்கே ‘வளர்ப்புக் குடும்பம்.’ உறவினர் வேறு தலைப்பில் நிதியாதரவு கோரலாமாம். கோரித் திண்டுக்கல் சென்று திரும்பினால் ஒரு நாள் கூலி போயிற்றே, அதை யார் தருவார்?

தமிழ்நாடு அரசு 2025இல் கொணர்ந்த ‘அன்புக் கரங்கள்’ அத்தகைய பிள்ளைக்கு மாதம் 2,000 ரூபாய் தருகிறது. வரவேற்கிறோம், 4,000 ஆக்குக என்றும் கேட்கிறோம். பாட்டி வீட்டிலே பசி பாதியாகிவிடுமா என்ன? பணம் மட்டும் போதாது. மாதமொருமுறை ஓர் அலுவலர் அக்குடிசைக்கு வரட்டும். பையன் பள்ளியில் இருக்கிறானா, சந்தையில் மூட்டை தூக்குகிறானா என்று அவன் வாயாலேயே கேட்டறியட்டும்.