பென்சில் யார் கையில்?

வானொலியில் மூன்று விநாடி மௌனம் விழுந்தாலே எங்களுக்கு வியர்த்துவிடும். அந்தப் பழக்கத்தோடு, தொடக்கநிலை ஆறில் படிக்கும் நான்கு பிள்ளைகள் அக்கா வீட்டில் சேர்ந்து கணக்குப் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கணக்கு இதுதான்: ரவியின் பணத்தில் பாதியும் மீனாவின் பணத்தில் மூன்றில் ஒரு பங்கும் சமம். இருவரிடமும் மொத்தம் 150 வெள்ளி. ஆளுக்கு எவ்வளவு?

பென்சில், வேகமான பையனிடம். எப்போதும் அப்படித்தானே! துணைப்பாட வகுப்பில் கற்ற எக்ஸ், ஒய் போட்டு, 60, 90 என்றான். விடை சரி. மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள். பல வீடுகளில் குழுப்படிப்பு இத்தோடு முடிந்துவிடும்.

"எனக்கு மேத்ஸ் வராது" என்று எப்போதும் சொல்லும் அக்கா மகள் கேட்டாள்: "பாதியும் மூன்றில் ஒரு பங்கும் எப்படிச் சமமாகும்?"

மௌனம். பையன் தன் சமன்பாட்டையே பார்த்தான். விளக்க வாயெடுத்த அக்காவைக் கையமர்த்தினேன். பிஎஸ்எல்இ வரும் ஆண்டு, அவருக்கு அவசரம்.

அவளே பென்சிலை வாங்கினாள். ரவிக்கு இரண்டு கட்டம், மீனாவுக்கு மூன்று. 1980களில் நம் கணக்குப் பாடத்துக்குள் வந்த அதே மாடல் முறை. ஐந்து கட்டம் 150 என்றால், ஒரு கட்டம் 30.

"ஓ, கட்டம் ஒரே அளவு, எண்ணிக்கைதான் வேறயா?" என்றான் பையன். விடை சொன்னவனுக்கே அப்போதுதான் புரிந்தது.

அடுத்த கணக்குக்குப் பென்சில் யாரிடம் என்று சண்டை. அக்கா அதட்டப் போனார். நான் கறிபஃப் தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன்.