சத்தத்தைக் குறைப்பதற்கா பிரஷ்?

ட்ரம்ஸ் வாசிப்பவர்களிடம் பிரஷ் எதற்கு என்று கேட்டுப் பாருங்கள். “ஹால் சின்னதா இருந்தா எடுப்போம்; பாடகி மெல்லிசாப் பாடினா எடுப்போம்” என்பார்கள். ஹோட்டல் நிர்வாகிக்கும் வரவேற்புக் கச்சேரி ஏற்பாட்டாளருக்கும் இதே எண்ணம்தான். மேடையில் சத்தம் கூடிவிட்டால் “கொஞ்சம் பிரஷ்ல வாசிங்களேன்” என்று சொல்லி அனுப்புகிறார்கள். ஸ்டிக்கின் குரலைத் தாழ்த்தினால் பிரஷ் என்பது இவர்கள் எல்லோருக்கும் பொதுவான நம்பிக்கை. இதை நான் முழுமூச்சாக மறுக்கிறேன். ஒரு வாத்தியத்தால் என்னவெல்லாம் முடியும் என்பதில் பாதியை இந்த நம்பிக்கை மறைத்துவிடுகிறது. கற்றுக்கொடுப்பவர்களே இதை நம்புவதால் அடுத்த தலைமுறைக்கும் அந்தப் பாதி போய்ச் சேருவதில்லை.

ஸ்னேர் ட்ரம்மில் ஸ்டிக்கால் ஓர் அடி விழுந்தால், ஒலி எழும்பிய வேகத்திலேயே அடங்கிவிடும். நிமிடத்துக்கு 50 அடி என்ற நிதானமான காலப்பிரமாணத்தில் ஓர் அடிக்கும் அடுத்ததற்கும் இடையே 1.2 விநாடி இருக்கிறது. பியானோவின் சுரம் அந்த இடைவெளியில் ஒலித்துக்கொண்டிருக்கும். பாஸின் தந்தி அதிர்ந்துகொண்டிருக்கும். பாடகர் ஓர் எழுத்தை நீட்டிக்கொண்டிருப்பார். ஸ்டிக் பிடித்தவருக்கு மட்டும் அங்கே வேலை இல்லை. ரோல் இருக்கிறதே என்பார்கள். ரோல் என்பது நெருக்கி அடுக்கிய பல அடிகள். எதையோ எதிர்பார்க்கவைக்கும் பரபரப்பு அதற்குள் எப்போதும் இருக்கும். ஒரு காதல் பாட்டின் ஒவ்வோர் அடிக்குப் பின்னும் ரோல் வாசித்தால் கேட்பவர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

பிரஷ்ஷின் மெல்லிய எஃகுக் கம்பிகள் விசிறிபோல் விரிந்து, சொரசொரப்பான தோலின் மேல் இழுபடும்போது ஒலி தொடங்கி, நீண்டு, பெருத்து, சிறுத்து, வாசிப்பவர் நினைத்த இடத்தில் முடிகிறது. அழுத்தம் கூடினால் ஒலி தடிக்கும். வேகம் கூடினால் கூர்மையாகும். ஓரத்தில் ஒரு நிறம், நடுவில் ஒரு நிறம். கர்நாடக சங்கீதக்காரர்கள் கார்வை என்று சொல்வது ஸ்னேர் ட்ரம்முக்கு இந்தக் கம்பிகளால்தான் முழுமையாக வாய்த்தது. இது ஒலியின் அளவைப் பற்றிய விஷயமே இல்லை. நீளத்தைப் பற்றியது.

உருமி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதே இல்லை. ஒரு முகத்தில் வளைந்த குச்சியைத் தேய்த்து எழுப்பும் அந்த உறுமலை, சத்தம் குறைந்த அடி என்று எந்த ஊரிலாவது யாராவது சொல்லியிருக்கிறார்களா? மிருதங்கத்தின் தொப்பியில் கை நகர்ந்து எழுப்பும் கும்கியை, அடிக்கத் தெரியாதவரின் சமாளிப்பு என்று யாராவது நினைத்ததுண்டா? தோலைத் தட்டவும் செய்யலாம், தேய்க்கவும் செய்யலாம், இரண்டும் வாசிப்புதான் என்பது நமக்குப் பழகிய அறிவு. ட்ரம் செட்டின் முன்னால் உட்கார்ந்ததும் அது ஏன் மறந்துபோகிறது என்பது எனக்குப் புரியாத விஷயம்.

கை செய்யும் வேலையைப் பார்ப்போம். அடிப்படையான ஜாஸ் நடையில் இடது கை ஸ்னேரின் மேல் வட்டமிடுகிறது. கம்பிகள் தோலை விட்டு எழுவதே இல்லை. இரண்டாவது, நான்காவது அடிகளுக்கு வட்டம் வந்து சேரும்போது கை ஒரு நூலளவு அழுந்துகிறது. ஹை-ஹேட் மூடும் இடமும் அதுதான். வலது கை அதே தோலின் மேல், ரைடு சிம்பலில் வாசிக்கும் ‘டிங், டிங்கடிங்’ நடையைத் தட்டுகிறது. அது வெறும் தட்டலும் இல்லை. தட்டிய கம்பியைக் கொஞ்சம் இழுத்து எடுத்தால் ஒரு சாயல், இழுக்காமல் அழுத்தி நிறுத்தினால் வேறொரு சாயல். பதினான்கு அங்குல வட்டத்துக்குள் இரண்டு கைகளும் ஒன்றையொன்று கடந்துபோக வேண்டும், மோதக் கூடாது. இடது கை வெளியே போகும் கணத்தில் வலது கை உள்ளே வருகிறது. இந்தப் பாதையை ஒவ்வொரு பெரிய கலைஞரும் தனக்கென்று வரைந்துகொண்டார். அதனால்தான் பிரஷ் வாசிப்பைச் சொல்லித்தர முயன்ற புத்தகங்களில் சுரக்குறிகளைவிட வட்டங்களும் அம்புக்குறிகளும் முக்கியமாகின்றன. ஃபில்லி ஜோ ஜோன்ஸ் 1960-களில் வெளியிட்ட ‘பிரஷ் ஆர்ட்டிஸ்ட்ரி’யும், எட் திக்பென் பின்னால் எழுதிய ‘தி சவுண்ட் ஆஃப் பிரஷஸ்’ஸும் அப்படிப்பட்டவை. எந்த அடி என்று எழுதினால் போதாது. எந்த வழியாகக் கை போனது என்றும் எழுத வேண்டியிருக்கிறது.

வேகம் கூடினால் முழு வட்டத்துக்கு நேரம் போதாது. இடது கை பக்கவாட்டில் போய்த் திரும்பும் இழுவைக்கு மாறுகிறது. பிரஷ் எளிது என்று சொல்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். ஸ்டிக் தோலில் பட்டால் தானாகவே துள்ளித் திரும்பும். வேக வாசிப்பில் பாதி உழைப்பை அந்தத் துள்ளலே செய்து கொடுத்துவிடுகிறது. பிரஷ்ஷின் கம்பிகளோ வளைந்து அடியின் விசையை விழுங்கிவிடும். திரும்பி வரும் துள்ளல் மிகச் சொற்பம். ஒவ்வொரு தட்டையும் மணிக்கட்டும் விரல்களும்தான் எடுத்து மேலே கொண்டுவர வேண்டும். ஸ்டிக்கில் தடையில்லாமல் ஓடும் இரட்டை அடிகளைப் பிரஷ்ஷில் வாசித்துப் பாருங்கள். இரண்டாவது அடி காணாமல் போகும். அதுவரை துள்ளலை நம்பி வாசித்த கை எது, தானே வாசித்த கை எது என்று அப்போது தெரிந்துவிடும். வலு இல்லாதவர்களின் கருவி என்று பிரஷ்ஷைச் சொல்வது நேர் எதிரான பேச்சு.

சான்று கேட்பவர்களை 1957 ஆகஸ்ட் 15-க்கு, ஸ்டாக்ஹோம் நகரத்துக்கு அழைத்துப் போகிறேன். டிராம்போன் மேதை ஜே. ஜே. ஜான்சனின் குழுவோடு ஸ்வீடன் போயிருந்த மூன்று பேர் அன்று தனியாக ஒரு ஸ்டூடியோவில் கூடினார்கள். பியானோவில் டாமி ஃபிளானகன், பாஸில் வில்பர் லிட்டில், ட்ரம்ஸில் எல்வின் ஜோன்ஸ். ‘ஓவர்சீஸ்’ என்ற பெயரில் வந்த அந்த இசைத்தட்டு முழுவதும் எல்வின் பிரஷ்தான் வாசிக்கிறார். நிதானமான பாட்டுகளில் மட்டும் அல்ல. சார்லி பார்க்கரின் ‘ரிலாக்ஸின் அட் கமரில்லோ’விலும், விரட்டிக்கொண்டு ஓடும் ‘வெர்தாண்டி’யிலும் அதே பிரஷ்தான். கம்பிகள் சீறுகின்றன, அறைகின்றன, பியானோவை முன்னால் தள்ளுகின்றன. இவர் யார்? சில ஆண்டுகளுக்குப் பின் ஜான் கோல்ட்ரேனின் நால்வர் குழுவில் அமர்ந்து, 1964-இல் ‘எ லவ் சுப்ரீம்’ பதிவில் ஜாஸ் உலகையே அதிரவைத்தவர். ஜாஸ் கண்ட மிக வலிமையான கைகளில் இரண்டு அவருடையவை. அந்தக் கைகள் வலிமையை எங்கேயாவது விட்டுவிட்டு வந்து பிரஷ்ஷைப் பிடித்தனவா? ‘ஓவர்சீஸ்’ஸை ஒரு முறை முழுதாகக் கேட்டவர் அப்படிச் சொல்லமாட்டார்.

கென்னி கிளார்க்கைப் பாருங்கள். ஹார்லெமின் மிண்டன்ஸ் பிளேஹவுஸில் 1940-களின் தொடக்கத்தில் நவீன ட்ரம்ஸ் வாசிப்பையே மாற்றி அமைத்தவர் அவர். தாளத்தைக் காலடி ட்ரம்மிலிருந்து எடுத்து ரைடு சிம்பலுக்குக் கொண்டுபோனார். சிம்பலுக்குப் புது வாழ்வு கொடுத்த அதே மனிதர், 1954 ஏப்ரல் 3 அன்று மைல்ஸ் டேவிஸோடு நடந்த பதிவில் பிரஷ்ஷிலேயே நின்றார். அன்று பதிவான ‘லவ் மீ ஆர் லீவ் மீ’ தாலாட்டு வேகத்துப் பாட்டு அல்ல. ட்ரம்பெட்டும் ஆல்டோ சாக்ஸபோனும் ஊதிக்கொண்டிருக்க, கீழே கம்பிகள் இடைவிடாமல் ஓடுகின்றன. யாரும் அவரைச் சத்தம் குறைக்கச் சொல்லி அது நடக்கவில்லை. அந்த இசைக்கு அந்த ஓட்டம் தேவைப்பட்டது.

மைல்ஸ் டேவிஸின் 1958-ஆம் ஆண்டு இசைத்தட்டு ‘மைல்ஸ்டோன்ஸ்’. அதில் அவரே வாசிக்காத ஒரு பாட்டு உண்டு. ‘பில்லி பாய்’ என்ற பழைய நாட்டார் மெட்டை ரெட் கார்லண்ட், பால் சேம்பர்ஸ், ஃபில்லி ஜோ ஜோன்ஸ் மூவர் மட்டும் வாசிக்கிறார்கள். ஃபில்லி ஜோவின் பிரஷ் அதில் செய்வதைப் பின்னணி என்று சொன்னால் அது செவிக்குச் செய்யும் அநியாயம். பியானோ ஒரு வரி பேசினால் ஸ்னேர் அடுத்த வரியில் பதில் சொல்கிறது. எதிர்வாதமும் செய்கிறது. ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் காதில் விழுகிறது.

இந்தத் திறமை எங்கிருந்து வந்தது என்று தேடினால் நடனக்காரர்களின் காலடியில் போய் நிற்போம். கவுண்ட் பேஸி குழுவின் தூணாக இருந்த ஜோ ஜோன்ஸ், ட்ரம்ஸ் கலைஞராக அறியப்படும் முன் ஊர் ஊராகச் சுற்றும் கேளிக்கைக் குழுக்களில் டாப் நடனம் ஆடியவர். கறுப்பின அமெரிக்க நடனத்தில் தரையில் மணலைத் தூவி, அதன் மேல் செருப்பைத் தேய்த்து ஆடும் வகை ஒன்று உண்டு. தட்டும் தேய்ப்பும் மாறி மாறி வரும் அந்த மொழிதான் பிரஷ்ஷின் மொழி. ஜோ ஜோன்ஸின் பிரஷ் வாசிப்பைப் படத்தில் பார்த்தால், கைகள் ஆடுகின்றன என்பது வெறும் புகழ்ச்சி இல்லை என்று தெரியும். நடனக்காரர் காலைத் தேய்ப்பது சத்தத்துக்குப் பயந்தா? தேய்ப்பில்தான் அவரால் ஓர் அசைவை அடுத்த அசைவோடு சேர்க்க முடிகிறது.

சத்தக் குறைப்பு வாதத்தை முறித்துப்போடும் சான்று ஒன்று இன்றைய கடைகளிலேயே கிடைக்கிறது. மின்னணு ட்ரம்ஸில் ஒலியைக் குறைக்க ஒரு குமிழ் இருக்கிறது. பிரஷ் என்பது சத்தம் குறைந்த ஸ்டிக்தான் என்றால், அந்தக் குமிழைத் திருப்பினால் பிரஷ் வாசிப்பு வர வேண்டும். வராது. பெரும்பாலான மின்னணு ட்ரம்கள் மோதலை மட்டுமே உணர்கின்றன. கம்பியை அதன் மேல் இழுத்தால் அவற்றுக்கு எதுவுமே நடக்கவில்லை. இழுவையை உணர்வதற்கென்றே தனியான உணரிகளைத் தயாரிப்பாளர்கள் உருவாக்க வேண்டியிருந்தது. ஒலியைக் குறைப்பதும் ஒலியை இழுப்பதும் இருவேறு காரியங்கள் என்பதை இயந்திரமே ஒத்துக்கொண்டுவிட்டது.

இந்தத் தவறான நம்பிக்கைக்கு வேர் இல்லாமல் இல்லை. விசிறிபோல் விரியும் இந்தக் கம்பிக் கருவி, 1910-களில் அமெரிக்காவில் ஈ அடிப்பதற்காகக் காப்புரிமை பெற்ற ஒன்றின் வழி வந்தது. 1920-களில் ஹோட்டல் நடனக் கூடங்களிலும் வானொலியிலும் அது பரவியதற்கு ஒலியை அடக்க வேண்டிய தேவையும் ஒரு காரணம். 1925-இல் மைக் வைத்து மின்முறையில் ஒலிப்பதிவு தொடங்கியதும், குழைந்து பாடும் பாடகர்களும் கம்பிகளின் சீறலும் இசைத்தட்டில் ஒன்றாக இடம்பிடித்தன. அதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஸ்டிக்கின் உச்ச ஒலி பிரஷ்ஷுக்கு வராது என்பதையும் மறுக்கவில்லை. பெரிய பித்தளைக் குழு முழுமூச்சில் ஊதும்போது கம்பிகள் அதில் மூழ்கிப்போகும். ஆனால் ஒரு கருவி பிறந்த காரணமே அதன் எல்லை என்று வாதிடுபவர்கள், முப்பது ஆண்டுகளுக்குள் ஜோ ஜோன்ஸும் கிளார்க்கும் எல்வினும் அதை எங்கே கொண்டுபோனார்கள் என்பதைக் கேட்க மறுக்கிறார்கள். நாஷ்வில்லின் நாட்டுப்புறப் பாடல்களில் ரயில் ஓட்டத்தை ஒத்த வேகநடை ஒன்று உண்டு. ஒரே ஒரு ஸ்னேரும் ஒரு ஜோடி பிரஷ்ஷும் போதும், ஒரு கூடத்தையே ஆடவைத்துவிடும். அதையும் அமைதியான பின்னணி என்று சொல்வார்களா?

கற்றுத்தருபவர்களோடு எனக்கு உண்மையான சண்டை இருக்கிறது. நான் பார்த்த வகுப்புகள் பலவற்றில் பிரஷ் கடைசி அத்தியாயம். எல்லாம் முடிந்த பிறகு, நேரம் மிஞ்சினால், ஒரு வட்டம் போடக் காட்டிவிட்டு விட்டுவிடுகிறார்கள். மாணவர் அதை மெதுவான பாட்டுக்கான மாற்று ஏற்பாடு என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். அவருடைய ஸ்னேரில் வழுவழுப்பான, மேற்பூச்சு இல்லாத தோல் போட்டிருந்தால் இன்னும் மோசம். கம்பி அதில் வழுக்கிப் போகும், ஒலியே எழாது. பிரஷ்ஷுக்குச் சத்தமே இல்லை என்ற முடிவுக்கு அவர் வந்துவிடுகிறார். கன்றுத்தோல் போர்த்திய காலத்தில் இந்தச் சிக்கல் இல்லை. தோலுக்கே சொரசொரப்பு இருந்தது. 1950-களின் பிற்பகுதியில் பிளாஸ்டிக் தோல் சந்தைக்கு வந்தபோது, அந்தச் சொரசொரப்பைத் தருவதற்காகவும்தான் அதன் மேல் வெள்ளைப் பூச்சுத் தெளித்தார்கள். பூச்சுள்ள தோலை மாட்டச் சொல்வது ஆசிரியரின் கடமை. அதைச் சொல்லாமல் பிரஷ்ஷைக் குறை சொல்வது நியாயமே இல்லை.

ஒலிப்பதிவாளர்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஸ்டிக்கின் அடிக்கு வைத்த மைக்கை அசைக்காமல் அப்படியே விட்டுவிட்டு, பிரஷ் எடுத்ததும் மேல் அலைவரிசையை வெட்டிவிடுகிறார்கள், ‘இரைச்சல்’ வருகிறதென்று. அந்த இரைச்சல்தான் வாசிப்பு.

நான் கேட்பது இதுதான். முதல் வருட மாணவருக்கே ஒரு ஸ்னேரும், பூச்சுள்ள தோலும், ஒரு ஜோடி கம்பி பிரஷ்ஷும் கொடுங்கள். மெட்ரோனோமை 50-இல் வையுங்கள். ஒலி எங்கேயும் அறுந்துபோகாமல் ஒரு கையால் வட்டமிடச் சொல்லுங்கள். அது நிலைத்த பிறகு மறு கையைச் சேர்க்கச் சொல்லுங்கள். அதற்குப் பின் 120, அதற்குப் பின் 200. அந்த வேகத்துக்கு மாணவர் வந்ததும் ‘பில்லி பாய்’ போட்டுக் காட்டுங்கள். சத்தம் குறைக்கும் கருவி என்று அவரிடம் சொல்லும் துணிவு அதன் பிறகு யாருக்கு இருக்கிறதென்று பார்க்கலாம்.