பதினாறு வயதில் கடை வேலை

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த விடுமுறையில் ஜவுளிக்கடை வேலைக்குப் போக விரும்பும் தமிழ்நாட்டுச் சிறுவருக்கு விண்ணப்பம் என்று பெரிதாக எதுவும் தேவைப்படுவதில்லை. 'ஆட்கள் தேவை' அட்டை தொங்கும் கடை, ஆதார் நகல், தெரிந்தவர் ஒருவரின் சிபாரிசு, அநேகமாக அவ்வளவுதான். மேலாளரின் கேள்விகளும் சில: எந்த ஊர், அப்பாவுக்கு என்ன வேலை, எத்தனை மாதம் நிற்க முடியும். வேலை நேரத்தைப் பற்றி இரு தரப்பும் வாய் திறப்பது அபூர்வம். சட்டமோ அதைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறது. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி 14 வயது நிரம்பாதவரைக் கடை வேலையில் அமர்த்தக் கூடாது. 14 நிரம்பி 17 நிரம்பாதவர் நாளுக்கு 7 மணி நேரம், வாரத்துக்கு 42 மணி நேரம் மட்டுமே உழைக்கலாம்; மாலை 7 மணிக்கு மேல் கடையில் நிறுத்தி வைக்க முடியாது. துணிக்கடையில் வியாபாரம் சூடுபிடிப்பதே அந்த நேரத்தில்தான் என்பதால், இந்த விதியை மீறவே கடைக்காரருக்குக் கை துறுதுறுக்கும். நாள் முழுக்க நின்றே விற்பதும் இத்தொழிலின் பழைய கொடுமை. கேரளத்தை அடுத்து, தமிழ்நாடும் 2021இல் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தருவதைக் கட்டாயமாக்கியது. புதிதாகச் சேருபவர் முதல் நாளே நாற்காலி கேட்கத் தயங்குவார்; சம்பளம், வார விடுமுறை, வேலை முடியும் நேரம் ஆகிய மூன்றையாவது சேரும் முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம்.